'கொடுத்திருந்தனர்': இருபொருள் வினைகளின் மொழிபெயர்ப்பும் நெய்வேலி நில வழக்கும்

முன்னுரை

ஆங்கிலத்தின் பன்னிரு கால வடிவங்களைத் தமிழ்வழி கற்பிக்கும் நூல்களில் 'நான் அவனுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தேன்' என்பது போன்ற தொடர் பெரும்பாலும் இடம்பெறும். 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்னும் வடிவத்துக்கு இது நிகராகக் காட்டப்படும். இரண்டு 'ஆப்ஜெக்ட்' கொள்ளும் வினைக்கும் இதுவே சான்றாகும். கற்பவர் இதிலிருந்து இரண்டு சமன்பாடுகளை மனத்தில் பதித்துக்கொள்கிறார்: ஆங்கிலத்தில் 'ஹேட்' வந்தால் தமிழில் 'இருந்' வரவேண்டும், ஆங்கிலத்தின் இரண்டு ஆப்ஜெக்டுகளுள் ஒன்று 'ஐ' பெறும், மற்றொன்று 'கு' பெறும். இவ்விரண்டும் வகுப்பறைக்குப் போதும். நிலம், இழப்பீடு, வேலை, மனை ஆகியவை கைமாறிய வரலாற்றை எழுதும்போது இவை போதா என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கருத்தை விளக்க நெய்வேலி தேர்ந்துகொள்ளப்படுகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957இல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்ட நகரியம் ஒருபுறமும், நிலத்தை இழந்து இடம்பெயர்ந்த ஊர்கள் மறுபுறமுமாக அமைந்த இப்பகுதியில், 'கொடு' என்னும் வினை மக்களின் அடையாளமாகவே மாறியுள்ளது. 'நிலம் கொடுத்தவர்கள்' என்றால் யாரைக் குறிக்கிறது என்பதை அங்கு விளக்க வேண்டியதில்லை. அரசாணைகளும் அறிவிக்கைகளும் நிறுவன அறிக்கைகளும் ஆங்கிலத்தில் தோன்றித் தமிழுக்கு வருகின்றன. மக்களின் மனுக்கள் தமிழில் தோன்றி ஆங்கிலத்துக்குச் செல்கின்றன. இவ்விருவழிப் போக்கில் கொடுத்தவர், பெற்றவர், கொடுக்கப்பட்டது ஆகிய மூன்றும் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பது இலக்கணம் ஆராய வேண்டிய செய்தி.

இரண்டு ஆப்ஜெக்டும் எட்டு முதனிலையும்

ஆங்கிலத்தில் கொடுத்தற்பொருள் வினை இரண்டு அமைப்புகளில் வரும். ஒன்றில் பெறுபவர் வினையை அடுத்தும், பொருள் அதன்பின்னும் நிற்கும். இரண்டுக்கும் உருபு இல்லை. இடமே வேற்றுமையை உணர்த்தும். மற்றொன்றில் பொருள் முன்னும், 'டு' என்னும் முன்னிடைச்சொல் ஏற்ற பெறுபவர் பின்னும் நிற்பர். வினை எளிய இறந்தகாலத்தில் இருப்பினும் 'ஹேட் கிவன்' என வரினும் இவ்வமைப்பு மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இடம் எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 'ஹேட் டேக்கன் தேர் லேண்ட்' என்றால் எழுவாய் நிலத்தை எடுத்தவர். 'ஹேட் தேர் லேண்ட் டேக்கன்' என்றால் எழுவாய் நிலத்தைப் பறிகொடுத்தவராகலாம். சொற்கள் அவையே, வரிசை மாறியதும் எடுத்தவர் இழந்தவராகிறார்.

தமிழில் இவ்வேலையை உருபுகள் செய்கின்றன. 'உழவர் நிறுவனத்துக்கு நிலத்தைக் கொடுத்தனர்', 'நிலத்தை நிறுவனத்துக்கு உழவர் கொடுத்தனர்' என எவ்வாறு மாற்றினும் கொடுத்தவரும் பெற்றவரும் மாறுவதில்லை. இதனினும் அடிப்படையானது, தமிழ் மரபு பெறுபவரைச் செயப்படுபொருளாகவே கருதாமை. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதனிலைகளை எட்டாகப் பகுக்கிறார். வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறுடன், கொள்வோரைக் குறிக்கும் 'இன்னதற்கு' என்பதையும், நோக்கத்தைக் குறிக்கும் 'இது பயன்' என்பதையும் தனித்தனியே வைக்கிறார். செயப்படுபொருளும் கொள்வோரும் பயனும் வெவ்வேறு இடங்களைப் பெறுகின்றன. தமிழில் இருசெயப்படுபொருள் என்று உண்மையில் சொல்லத்தக்கவை வேறு. 'மாட்டைக் கொம்பைச் சீவினான்' என்பதுபோல முதலும் சினையும் 'ஐ' ஏற்பது ஒரு வகை. 'மாணவனைப் பாடத்தைப் படிக்கவைத்தார்' என ஏவற்பொருளில் இரண்டு 'ஐ' வருவது மற்றொரு வகை. 'அவனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்' என்பது இவ்வகையினது அன்று. இதனை 'இரண்டு செயப்படுபொருள்' என்று பாடநூல்கள் எழுதுவது ஆங்கிலக் கலைச்சொல்லை அப்படியே பெயர்த்ததன் விளைவு.

இவ்வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். 'நிலத்தைக் கொடுத்திருந்தனர்' என்னும் தொடரை எட்டு முதனிலையாலும் வினவிப் பார்த்தால் பயன் தெரியும். கொடுத்தவர் யார்? கொடுத்தது எந்நிலம்? எக்காலத்தில்? எந்தச் சட்டத்தை அல்லது ஆவணத்தைக் கருவியாகக் கொண்டு? யாருக்கு? எதன்பொருட்டு? ஆங்கிலத் தொடர் இவற்றுள் மூன்றையோ நான்கையோ மட்டும் சொல்லி நிறைவுறும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் தமிழ்த் தொடரும் அங்கேயே நின்றுவிடும்.

ஓர் உருபு, பல பொருள்

நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் கொடையையும் பொருட்டையும் நன்னூலார் தனித்தனியே எண்ணுகிறார். நெய்வேலித் தொடர்களில் இப்பொருள்கள் அருகருகே வருகின்றன. 'அரசுக்குச் சுரங்கத்துக்கு நிலத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தனர்' என்னும் தொடரில் மூன்று 'கு' உள்ளன: முதலாவது கொள்வோர், இரண்டாவது பொருட்டு, மூன்றாவது விலை. பேச்சில் 'சுரங்கத்துக்குக் கொடுத்தோம்' என்பவர் நோக்கத்தையும் கூறுகிறார்; பெற்றவரையும் அச்சொல்லாலேயே சுட்டிவிடுகிறார். ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர் 'டு' என்பதா 'ஃபார்' என்பதா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். அந்தத் தீர்மானத்துக்குச் சட்டப் பொருள் உண்டு. நில எடுப்புச் சட்டத்தின் நடைமுறையில் நிலத்தை எடுப்பது அரசு. அதனைப் பயன்படுத்தப் பெறுவது நிறுவனம். ஆகவே 'உழவர் நிறுவனத்துக்கு நிலத்தைக் கொடுத்தனர்' என்னும் செம்மையான இருபொருள் தொடர், இடையில் நிகழ்ந்த ஒரு வினையையும் ஒரு வினைமுதலையும் விழுங்கிவிடுகிறது. 'நிறுவனத்தின்பொருட்டு அரசு உழவரிடமிருந்து நிலத்தை எடுத்தது' என்பதே நடைமுறையைச் சொல்லும் தொடர். அலுவலக வழக்கிலுள்ள 'நில எடுப்பு' என்னும் சொல் இவ்வகையில் நேர்மையானது. அது எடுத்தலை எடுத்தல் என்றே சொல்கிறது. மக்கள் வழக்கிலுள்ள 'நிலம் கொடுத்தவர்' என்னும் சொல்லோ இழந்தவரை வினைமுதலாக்கி அவருக்கு ஒரு மதிப்பை அளிக்கிறது; கொடுத்தவருக்குத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு என்னும் உணர்வும் அதில் அடங்கியுள்ளது. ஆங்கில அறிக்கைகள் இதே மக்களைத் 'திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்' என்று குறிக்கின்றன. எடுத்தல், கொடுத்தல், பாதிக்கப்படுதல் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று வேற்றுமைச் சட்டகங்கள். ஒன்றை மற்றொன்றாகப் பெயர்ப்பவர் நிகழ்வின் பொறுப்பையும் இடம் மாற்றுகிறார்.

'ஐ' உருபின் வரவும் தொகையும் இங்கே கருதத்தக்கவை. 'நிலத்தைக் கொடுத்தார்' என்பதில் குறித்த ஒரு நிலம் உண்டு. 'நிலம் கொடுத்தார்' என இரண்டாம் வேற்றுமை தொக்கு வரும்போது அது வகையைச் சுட்டும். 'நிலம் கொடுத்தவர்' என்னும் சமூகப் பெயர் தொகையாக வழங்குவது இயல்பே. ஆனால் மனுவில் எழுதும்போது, இந்தப் புல எண்ணுக்குரிய, இந்தக் கிணறும் இந்தப் பலாமரமும் உள்ள நிலம் என்பதே வழக்கின் உயிர். அங்கே உருபு விரிய வேண்டும். ஆங்கிலம் இவ்வேறுபாட்டை 'எ', 'த' என்னும் சார்படைகளால் உணர்த்தும். தமிழ் 'ஐ' உருபாலும் உணர்த்தும். சார்படை தமிழில் இல்லை என்று மட்டும் கற்பித்து நிறுத்தும் பாடம், கற்பவருக்கு இந்தக் கருவியைக் காட்டாமலே விடுகிறது.

பெறுபவர் தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்பதும் தமிழில் ஒருகாலத்தில் வினையைத் தீர்மானித்தது. தருதல் தன்மை முன்னிலைகளுக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவை என்னும் வரையறை தொல்காப்பியத்தில் உண்டு. இன்று 'எனக்குக் கொடுத்தார்' என்பது பிழையாகக் கருதப்படுவதில்லை. எனினும் 'நாங்கள் நிலம் கொடுத்தோம். அவர்கள் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்' என்னும் பேச்சில் பழைய திசை இன்னும் ஒலிக்கிறது: நிலம் அப்பால் போயிற்று. வேலை இப்பால் வரவேண்டும். ஆங்கிலத்தின் 'கிவ்' இரண்டுக்கும் பொதுவாகும்போது இத்திசை அழிந்துபோகிறது.

'இருந்' உணர்த்தும் நிலை

காலத்தின் சிக்கலுக்கு வருவோம். தமிழ் இலக்கணம் கூறும் காலம் மூன்றே. 'செய்திருந்தான்' என்பது இறந்தகால வினையெச்சத்துடன் 'இரு' என்னும் துணைவினை சேர்ந்த வடிவம். தற்காலத் தமிழின் துணைவினைகளைப் பற்றி இ. அண்ணாமலையின் 1985ஆம் ஆண்டு நூலும், தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டு இலக்கணமும் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயினும் அவ்வாய்வுகளின் பயன் மொழிபெயர்ப்பு வகுப்புகளுக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை.

ஆங்கில 'ஹேட்' வடிவத்தின் முதன்மையான பணி முன்பின் உணர்த்துதல்: இறந்தகால நிகழ்வு ஒன்றுக்கு முன் மற்றொன்று முடிந்தது என்பதே அதன் செய்தி. தமிழில் அப்பணியைச் செய்ய வினையெச்சமே போதும். 'நிலத்தைக் கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் குடியேறினர்' என்றால் எது முன், எது பின் என்பதில் ஐயமில்லை. அங்கே 'கொடுத்திருந்தனர்' தேவையற்றது; 'அவர்கள் நிலத்தைக் கொடுத்திருந்த பிறகு குடியேறியிருந்தனர்' என்பது செயற்கையானது. எனவே ஆங்கிலத்தில் 'ஹேட்' கண்ட இடமெல்லாம் 'இருந்' எழுதுவது, தமிழின் எச்ச அமைப்பை மறந்ததற்கு அடையாளம்.

மறுதலையாக, 'இருந்' தனக்கென ஒரு பொருளைக் கொண்டது. 'நேற்று என் நண்பர் வந்திருந்தார்' என்கிறோம். இதில் இரண்டாவது நிகழ்வு ஏதுமில்லை. வந்தார், இங்கிருந்தார், இப்போது இல்லை என்பது பொருள். ஆங்கிலம் இவ்விடத்தில் எளிய இறந்தகாலத்தையே பயன்படுத்தும். ஆகத் தமிழ் வடிவம் ஒரு வினையின் விளைவாக நிலவிய நிலையைச் சுட்டுகிறது. அந்நிலை இப்போது மாறியிருக்கலாம் என்னும் குறிப்பையும் பல இடங்களில் தருகிறது. 'நிறுவனம் வேலை தருவதாக உறுதி கூறியது' என்பது செய்தி. 'நிறுவனம் வேலை தருவதாக உறுதி கூறியிருந்தது' என்றதும் கேட்பவர் 'ஆனால்' என்னும் சொல்லை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். ஆங்கில அறிக்கையில் வெறும் கால ஒழுங்குக்காக வந்த 'ஹேட்', தமிழில் நிறைவேறாத வாக்குறுதி என்னும் குறிப்பைப் பெற்றுவிடக்கூடும். எதிர்த்திசையிலும் இழப்பு உண்டு: மனுதாரர் அக்குறிப்புடனே எழுதிய 'கூறியிருந்தது', ஆங்கிலத்தில் முன்பின் மட்டும் காட்டும் வடிவமாகச் சுருங்கிவிடும்.

மீட்க இயலாமையை உணர்த்த வேண்டுமாயின் தமிழ் 'விடு' என்னும் துணைவினையை நாடும். 'கொடுத்திருந்தனர்' என்பதற்கும் 'கொடுத்துவிட்டிருந்தனர்' என்பதற்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண் முழுவதும் அகற்றப்பட்டே பழுப்பு நிலக்கரி எடுக்கப்படுகிறது. அவ்வாறு தோண்டப்பட்ட நிலம் பழைய வயலாக உழவரிடம் மீள்வதில்லை. இத்தகைய நிலத்தைப் பற்றி எழுதுகையில் 'இரு', 'விடு' ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்பது நடையழகைப் பொறுத்த செய்தியாகாது.

வழங்கப்பட்டவர் யார்?

ஆங்கிலத்தில் இருபொருள் வினை செயப்பாட்டுவினையாகும்போது இரண்டு ஆப்ஜெக்டுகளுள் எதுவும் எழுவாயாகலாம். குடும்பங்களை எழுவாயாக்கியும் 'ஹேட் பீன் கிவன்' எனலாம். மனைகளை எழுவாயாக்கியும் அவ்வாறே சொல்லலாம். தமிழில் 'படு' சேரும்போது எழுவாயாவது செயப்படுபொருள் மட்டுமே. 'குடும்பங்களுக்கு மனைகள் வழங்கப்பட்டிருந்தன' என்பதே தமிழ். 'குடும்பங்கள் மனைகள் வழங்கப்பட்டிருந்தன', 'உழவர்கள் இழப்பீடு வழங்கப்பட்டனர்' போன்ற தொடர்கள் மொழிபெயர்ப்புத் தமிழில் தலைகாட்டுகின்றன. இலக்கணப்படி நோக்கினால், 'உழவர்கள் வழங்கப்பட்டனர்' என்பதில் வழங்கப்பட்ட பொருள் உழவரே. கொள்வோர் கொடைப்பொருளாகிவிடுகிறார்.

மொழி மாறும், 'படு' வழக்கே எழுத்துத் தமிழில் பெருகியது பிற்காலத்தில்தான், இதனையும் ஏற்கலாமே என்பார் உளர். மாற்றத்தை மறுக்க வேண்டியதில்லை. ஒரு புதிய அமைப்பு முன்பு சொல்ல இயலாத வேறுபாட்டைச் சொல்ல உதவினால் அது வளர்ச்சி. 'உழவர்கள் வழங்கப்பட்டனர்' என்பதோ இருந்த வேறுபாட்டை அழிக்கிறது. 'உழவர் இழப்பீடு பெற்றிருந்தனர்' என்னும் எளிய செய்வினை, பெறுபவரை எழுவாயாக்கும் அதே பணியைப் பிழையின்றிச் செய்யும்போது, ஆங்கில அமைப்பைக் கடன் வாங்கத் தேவையில்லை.

வளையமாதேவி

2023 ஜூலை இறுதியில், பரவனாற்றின் மாற்றுப்பாதைக் கால்வாய்க்காக வளையமாதேவிப் பகுதியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டு இழப்பீடும் வழங்கப்பட்டிருந்தது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர்; பயிர் கதிர் பிடிக்கும் நிலையில் இருந்தது. செய்தி சென்னை உயர் நீதிமன்றத்தை எட்டியது. பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வழக்கின் நியாயங்களை எடைபோடுவது இக்கட்டுரையின் வேலையன்று. அதன் மொழியை மட்டும் நோக்குவோம். 'இழப்பீடு வழங்கப்பட்டிருந்தது' என்னும் தொடர் முழுமை உடையது போலத் தோன்றுகிறது. 'இன்னதற்கு' என்னும் முதனிலையால் வினவினால் அது திறந்துகொள்கிறது. உழவருக்கு என்பது கொள்வோர். நிலத்துக்கு என்பதும் பயிருக்கு என்பதும் ஈடு. மூன்றும் 'கு' ஏற்பன. நிலத்துக்கு வழங்கப்பட்டிருந்த இழப்பீடு, பின்னர் விளைந்த பயிருக்கும் வழங்கப்பட்டதாகுமா? 'வழங்கப்பட்டிருந்தது' என்பது பழைய வினையைச் சுட்ட, வயலில் நின்ற பயிர் நிகழ்காலத்தில் இருந்தது. உருபேற்ற பெயரைச் சொல்லாமல் விட்டு, துணைவினையால் காலத்தை மட்டும் முடித்துவைக்கும் தொடர், சச்சரவின் மையத்தையே மறைத்துவிடுகிறது. நிலம் எடுக்கப்பட்டிருந்தது, ஆனால் ஒப்படைக்கப்பட்டிருந்ததா? எடுத்தல் ஒரு வினை, ஒப்படைத்தல் மற்றொரு வினை. இரண்டுக்கும் வினைமுதல் வேறு. 'கையகப்படுத்தப்பட்டிருந்தது' என்னும் நீண்ட சொல் இரண்டையும் ஒன்றாக்குகிறது.

மறுப்பும் விடையும்

நிலத்தை எடுத்தது சட்டம், வேற்றுமை உருபன்று. இலக்கணத்தைத் திருத்தினால் இழப்பீடு உயருமா என்னும் மறுப்பு எழக்கூடும். உயராது. ஆயினும் 1894ஆம் ஆண்டுச் சட்டமாயினும் 2013ஆம் ஆண்டுச் சட்டமாயினும், அறிவிக்கை, மறுப்புரை, விசாரணை, தீர்வம் என ஒவ்வொரு படியும் எழுத்தால் நடைபெறுகிறது. தமக்கு வந்த அறிவிக்கையை ஓர் உழவர் தமிழில் படித்து, யார் எதை யாருக்கு எப்போது கொடுத்ததாக அது சொல்கிறது என்று உறுதியாக அறிய இயலவில்லை என்றால், மறுப்புரைக்கும் உரிமை பெயரளவில் நின்றுவிடும்.

மற்றொரு மறுப்பு, மொழிபெயர்ப்புப் பொறிகள் பெருகிவரும் காலத்தில் இது தேவையா என்பது. பொறி கற்பது முன்னரே உள்ள மொழிபெயர்ப்புகளிலிருந்தே. 'ஹேட்' என்பதற்கு 'இருந்' என்னும் சமன்பாட்டை நாம் எழுதிக் குவித்தால் பொறியும் அதனையே திருப்பித் தரும். ஆகவே தேவை குறையவில்லை.

முடிவுரை

தமிழ்த்துறைகள் இதில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மொழிபெயர்ப்பியல் பாடத்தில் வேற்றுமை மயங்கியலைச் சேர்த்தல். எட்டு முதனிலைகளை மனப்பாடப் பகுதியாக வைக்காமல், ஓர் அரசாணையையோ தீர்வத்தையோ எடுத்துக்கொண்டு எந்த முதனிலை விடுபட்டுள்ளது எனக் காணும் பயிற்சியாக ஆக்கலாம். இரண்டாவது, 'இரு', 'விடு' முதலிய துணைவினைகளின் பொருளை ஆங்கிலக் கால அட்டவணையின் நிழலிலிருந்து விடுவித்து, தமிழ்த் தரவுகளைக் கொண்டே கற்பித்தல். மூன்றாவது, கடலூர் மாவட்டத்தின் நில எடுப்பு ஆவணங்களையும் நிலம் கொடுத்தவர்களின் வாய்மொழிகளையும் இணையாக வைத்து ஒரு மொழித்தரவகம் உருவாக்குதல். சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் மொழியியல் ஆய்வுக்கு நெடிய மரபு உண்டு. நெய்வேலி அவ்விரண்டுக்கும் தொலைவில் இல்லை. முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் காலம் குறுகிவருகிறது.

அவர்களின் பிள்ளைகள் இன்று 'நிலத்தைக் கொடுத்திருக்காவிட்டால்' என்று பேசத் தொடங்கியுள்ளனர். நிகழாததை எண்ணிப் பார்க்கும் அவ்வடிவத்திலும் அதே 'இரு' நிற்கிறது. அத்தொடரின் பின்பகுதி எவ்வாறு முடிகிறது, அதில் யாருக்கு 'கு', எதற்கு 'ஐ' என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.